ஆயிரத்து நூறு கிராம்

தராசில் டயரை வைத்தான் ம்தோகோசிசி.
ஆயிரத்து நூறு. ஒன்று மட்டும்.
பக்கத்தில் மெலிந்தது ஒன்று, அறுநூற்றைம்பது.
"ஏற்றத்தில் என்னைத் திட்டுவீர்கள், ஆன்ட்டி.
இப்போதே சொல்லிவிடுகிறேன்."

திட்டத் தெரியாதவளா நான்.
போன மாதம் நாலு ஞாயிறு, ஏழு பஞ்சர்.
மூன்றாவது ஞாயிறு யூகலிப்டஸ் தோப்புக்குப் பின்னால்
பசை தீர்ந்து, பம்ப்பும் வாயடைத்து,
சைக்கிளைத் தோளில் போட்டு நான் நடக்க
தேஷன் மூன்று முறை திரும்பிப் பார்த்தான்.
நாலாம் முறைக்கு அவன் அங்கே இல்லை.

அன்றிரவு டயரின் உட்புறம் விரலோட்டியதில்
அகப்பட்டது ஆள்:
இரண்டு கொம்பு, ஒரு திமிர், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.
பண்ணைக்காரர்கள் அதை டைவல்கி என்பார்கள்.
"இன்குன்சானா" என்றான் ம்தோகோசிசி,
கடன் வாங்கித் தராதவன் பெயரைச் சொல்வதுபோல்.
மூன்றாவது பெயர் எனக்குத் தெரியும்.
ரைசெத்தோர்ப்பில் நான் நிற்கும் மருந்துக் கடையில்
இரண்டாவது தட்டு, ஊதா மூடி டப்பா,
சென்னையிலிருந்து வருவது.
நெருஞ்சில் சூரணம். கல்லடைப்புக்கு.
அரை ஸ்பூன், வெந்நீரில்.
எட்டு வருடமாக விற்கிறேன்,
கையில் ஒரு நாளும் குத்தியதில்லை.

நூல் எண்ணிக்கை எவ்வளவு என்றேன்.
புடவைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து
வீட்டுப் பாடம் எழுதியவள்;
எண் ஏறினால் தரம் ஏறும் என்பது
எனக்கு வாய்ப்பாடு.
"நூற்றிருபது நயம்தான்" என்றான்.
"முள்ளுக்கும் நயம்."
எனவே அறுபது. தடித்த நூல், நடுவில் ரப்பர் நிறைய,
விளிம்புக்கு விளிம்பு ஒரு அடுக்கு கூடுதல்.
வெண்டைக்காய் நுனியை ஒடிக்கும் பழக்கத்தில்
பக்கச் சுவரை மடக்கிப் பார்த்தேன்.
முறைத்தது.

டியூபே வேண்டாம் என்றான் பிறகு.
வெள்ளையாய் ஒரு பாலை
கண் மட்டத்தில் பிடித்து, நூறு மில்லி,
என்னைவிடச் சுத்தமாக அளந்து உள்ளே விட்டான்.
குத்திய இடத்தில் கசிந்து தானே உறையுமாம்.
காவடி நாளில் மாமாவின் கன்னத்தில்
ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் வந்த வேல்.
ஏன் ரத்தம் வரவில்லை என்று எட்டு வயதில் கேட்டேன்.
யாரும் சொல்லவில்லை.
இது அது அல்ல, தெரியும்.
ஆனாலும் பர்ஸைத் திறந்துவிட்டேன்.

இரண்டுக்குமாக இரண்டாயிரத்து எண்ணூறு ராண்ட்.
குறைக்க மாட்டேன் என்றவன்
வால்வு இரண்டைச் சும்மா தந்தான்.
வீட்டில் ஆயிரத்து எண்ணூறு என்று சொன்னேன்.

ஞாயிறு. முதல் ஏற்றத்திலேயே
திட்டினேன், அவனை, ரப்பரை, என் தொடைகளை.
யுகேந்திரி, தேஷன், தேஷனின் பல் டாக்டர் சிநேகிதன்
மேலே மூன்று பொட்டாகச் சிறுத்துப் போனார்கள்.
ஜூலை. மழையில்லை. மண் பிஸ்கட் தூளாய்க் கிடக்க
சோற்றுக் கற்றாழையின் பெரியப்பன் போலொன்று
சிவப்பாகப் பூத்து நின்றது.
வேலமரங்களைத் தாண்டியதும்
சக்கரத்தில் டிக், டிக், டிக்.

இறங்கி எண்ணினேன். ஒன்பது.
ஒன்றைப் பிடுங்கக் கை போய்விட்டது.
"பிடுங்காதீர்கள், வீடு வரும்வரை அதுதான் மூடி."
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
ஏறி மிதித்தேன்.

திருப்பத்தில் தேஷன்,
சைக்கிள் தலைகீழாக, அவன் மண்டியிட்டு.
"ஆன்ட்டி, பசை இருக்கா?"
இருந்தது. பழக்க தோஷத்தில் வாங்கியது.
கொடுத்தேன்.
மற்ற இருவரையும் காணவில்லை.
போகிற வழியில் திரும்பிப் பார்த்தேன்,
மூன்று முறை, கணக்காக.

திங்கள் காலை முதல் ஆள்
இடுப்பைப் பிடித்தபடி வந்து ஊதா மூடியைக் காட்டுகிறார்.
எடுத்துத் தருமுன்
டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்க்கிறேன்.
தூள். சத்தமே இல்லை.